பாறை ஓவியம் பார்க்க ஆஸ்திரேலியாவில் எந்தப் பக்கம் போகலாம்?

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுக்குள் வண்டியோட்டிப் போய், பூர்வகுடி மக்களின் பாறை ஓவியங்களைப் பார்க்க வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "இருப்பதிலேயே பழைய ஓவியம் எங்கே இருக்கிறது?" என்பதுதான். இந்தக் கேள்வியை வைத்து இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பேன். காலம் உறுதியாகக் கணிக்கப்பட்டு, இன்றும் சிதையாமல் நிற்கும் ஓவியங்களில் இந்த நாட்டிலேயே மூத்தது, வடமேற்கு மூலையில் உள்ள கிம்பர்லியில் இருக்கும் ஒரு கங்காரு. ஓவியத்துக்கு அடியிலும் மேலுமாகக் குளவிகள் கட்டியிருந்த மண்கூடுகளின் வயதை அளந்து, ஏறத்தாழ 17,300 ஆண்டுகள் என்று 2021இல் அறிவித்தார்கள். அந்தப் பாறை சாதாரணப் பயணி காரில் போய் இறங்குகிற இடத்தில் இல்லை. வயதை மட்டும் துரத்தினால் இப்படித்தான் ஆகும்.

பார்க்க வேண்டியவை மூன்று. உங்களுக்கு லீவு கிடைக்கிற மாதம் எது? உங்கள் வண்டி எந்த மாதிரி ரோட்டில் ஓடும்? போய்ச் சேர்ந்த இடத்தில், அந்த நிலத்துக்கு உரிய ஒருவர் உங்களோடு நின்று சொல்லித்தருவாரா? இந்த மூன்றாவது கேள்விக்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். ஓவியங்களுக்கு உரியவர்கள் இன்றும் அங்கேயே வாழ்கிறார்கள். எந்தக் கதையை யாருக்குச் சொல்லலாம், எதை வெளியாளுக்குச் சொல்லவே கூடாது என்பதெல்லாம் அவர்கள் வழக்கில் கறாராக இருக்கிறது. அறிவிப்புப் பலகையில் இருப்பது பொதுவில் வைக்க அனுமதித்த மேல் அடுக்கு மட்டும். ஆள் சொல்லும்போதும் அதே அடுக்குதான் கிடைக்கும். ஆனால் இந்த மீனை எந்த ஓடையில் எந்தப் பருவத்தில் பிடிப்பார்கள், தன் பாட்டி அதை எப்படிச் சுடுவார் என்பதும் கூடவே வரும். அதற்கப்புறம் பாறையைத் திரும்பிப் பார்த்தால் அது வெறும் படமாக இருக்காது.

மாதக் கணக்கை முதலில் முடித்துவிடலாம்.

வடக்கே, அதாவது கக்காடு, கிம்பர்லி, கேப் யார்க் பக்கமெல்லாம், நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். ஆறுகள் ரோட்டை மூழ்கடிக்கும், பல இடங்களை மூடிவிடுவார்கள். மே முதல் செப்டம்பர் வரைதான் நிம்மதியாகப் போக முடியும். கக்காடுவின் பினிஞ் மக்கள் ஆண்டை 6 பருவங்களாகப் பிரிக்கிறார்கள். அதில் வுர்கெங் என்ற குளிர்ப் பருவம், ஏறத்தாழ ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, நம் உடம்புக்கு ரொம்பவே ஒத்துப்போகும். நியூ சவுத் வேல்ஸின் மேற்குக் கோடிக்கும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நல்லது. கோடையில் அங்கே 40 டிகிரியைத் தாண்டுவது சர்வ சாதாரணம்.

இதில் நம்மவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. சிட்னி, மெல்போர்னில் இருப்பவர்களுக்கு நீண்ட பள்ளி விடுமுறை டிசம்பர், ஜனவரியில் வருகிறது. பாறை ஓவியப் பயணத்துக்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது. ஜூன் கடைசி, ஜூலையில் வரும் இரண்டு வார விடுமுறையை இதற்கென்று ஒதுக்கி வையுங்கள். தமிழ்நாட்டிலிருந்து கோடை விடுமுறைக்கு வருகிறவர்கள் மே பாதிக்கு மேல் வந்தால் வடக்கும் திறந்திருக்கும். இலங்கையிலிருந்து ஆகஸ்டில் வருகிறவர்களுக்குக் கவலையே இல்லை.

கக்காடுவும் கன்பலான்யாவும்

முதல் தடவை போகிறவர்களுக்கு என் தேர்வு இதுதான். டார்வினில் இறங்கி, சாதாரணக் காரை வாடகைக்கு எடுத்து, தார் ரோட்டிலேயே 250 கிலோமீட்டர் போனால் ஜபிரு என்ற சின்ன ஊர் வரும். அங்கே தங்கிக்கொண்டால், ஓவியப் பாறைகள் நிறைந்த உபிர் 40 கிலோமீட்டர். அதுவும் தார் ரோடு. தெற்கே புருங்குய் பாறையும் எட்டும் தூரம்தான். ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தத் தேசியப் பூங்கா 1981இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. வறள் காலத்தில் பெரியவர் ஒருவருக்கு நுழைவுச் சீட்டு ஏறத்தாழ 40 டாலர். அதை வைத்து ஒரு வாரம் சுற்றலாம்.

உபிரில் நடை ஒரு கிலோமீட்டர்தான். பிரதான ஒதுங்கிடத்தின், அதாவது பாறை கவிந்து நிழல் தரும் இடத்தின், சுவரில் மீன்களாக நிறைந்திருக்கும். கொடுவா, மடவை, கெளுத்தி, அப்புறம் நீண்ட கழுத்து ஆமை, உடும்பு. ஒரு கொடுவாவின் பக்கத்தில் நின்று நிதானமாகப் பாருங்கள். வெளிக்கோடு சிவப்பு. உள்ளே முதுகெலும்பு நேராக ஓடுகிறது. அதிலிருந்து இரண்டு பக்கமும் கோடுகள் பிரிகின்றன. வயிற்றுப் பக்கத்தில் குடலும் காற்றுப்பையும் தனித்தனியாகத் தெரிகின்றன. மீனை அறுத்துப் பங்கு போட்டுப் பழகியவரின் கை வரைந்த படம் அது. எக்ஸ்ரே பாணி என்று இதைச் சொல்கிறார்கள். எந்தப் பகுதியில் கொழுப்பு, எது யாருக்குப் பங்கு என்று பிள்ளைகளுக்குக் காட்டவும் இது பயன்பட்டது.

அதே இடத்தில் தலையைத் தூக்கி உயரத்தில் பார்த்தால், முதுகில் வரிகளோடு சிவப்பாக ஒரு விலங்கு தெரியும். அது தைலசின், டாஸ்மேனியப் புலி என்று நாம் படித்தது. ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போனது. அதை நேரில் பார்த்த ஒருவர் அங்கே வரைந்துவிட்டுப் போயிருக்கிறார். இன்னொரு விதானத்தில், மனிதக் கை எட்டவே எட்டாத உயரத்தில் ஓவியங்கள் இருக்கின்றன. பாறை இடுக்குகளில் வாழும் மிமி என்ற மெலிந்த ஆவிகள் அந்தக் கல்லைக் கீழே இறக்கி, வரைந்துவிட்டு, திரும்ப மேலே ஏற்றி வைத்தன என்பது பினிஞ் மக்கள் சொல்வது. கொஞ்சம் தள்ளி, இடுப்பில் கை வைத்து அதிகாரமாக நிற்கிற வெள்ளைக்காரர் ஒருவரும் சுவரில் இருக்கிறார். புலியிலிருந்து வெள்ளைக்காரர் வரை ஒரே நடையில் பார்க்க முடிகிற இடம் வேறு எங்கே இருக்கிறது?

கக்காடுவை முதலில் வைப்பதற்கு இன்னொரு காரணம், நிலம் மாறிய கதையைச் சுவரிலேயே படிக்கலாம் என்பது. பனியுகத்தில் கடல் வெகு தூரத்தில் இருந்தது. அந்தக் காலத்து ஓவியங்களில் கங்காரு போன்ற மேட்டுநில விலங்குகள் வரும். கடல் ஏறி வந்து கழிமுகம் உண்டான பிறகு கொடுவாவும் மடவையும் வந்தன. அப்புறம் நன்னீர்ச் சதுப்பு உருவாகி, கடைசி 1,500 ஆண்டுகள் அளவில் வாத்து வேட்டைக்காரர்கள், வாத்து இறகு விசிறி பிடித்தவர்கள் எல்லாம் சுவரில் இடம் பிடிக்கிறார்கள். உபிர் பாறையின் மேலே ஏறி நின்றால், கீழே அந்தச் சதுப்பு நிலம் பச்சையாக விரிந்து கிடப்பது கண்ணுக்குத் தெரியும். சுவரில் பார்த்ததை அப்படியே நிலத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

புருங்குய் பாறையில் அன்பங்பங் என்ற ஒதுங்கிடம். அங்கே மின்னலுக்கு உரிய நமர்கொன் இருக்கிறார். அவர் கை கால்களைத் தலையோடு இணைத்துக்கொண்டு ஒரு வளையம் ஓடுகிறது, அதுதான் மின்னல். முழங்கையிலும் முழங்காலிலும் கல் கோடரிகள் முளைத்திருக்கின்றன. அவற்றால் மேகத்தைப் பிளக்கும்போது இடி இடிக்கிறது. மழைக்காலம் தொடங்கும் முன்னால் ஆரஞ்சும் நீலமுமாக ஒரு வெட்டுக்கிளி இந்தப் பக்கம் தென்படும். அவை நமர்கொன்னின் பிள்ளைகள். இந்தச் சுவரின் படங்களை 1960களின் தொடக்கத்தில் நயொம்பொல்மி என்ற புகழ்பெற்ற ஓவியர் பழைய படங்களின் மேல் புதிதாக வரைந்தார். அறுபது ஆண்டுக்குச் சற்று முந்தையது என்று தெரிந்ததும் சிலர் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காக வருத்தமாக இருக்கும். வரைந்து முடிந்த படத்தைவிட வரைகிற செயல்தான் இங்கே பெரிது. உரிமை உள்ளவர் வந்து மறுபடி வரைந்தால்தான் அது உயிரோடு இருப்பதாகக் கணக்கு. கடைசியாக ஒருவர் எப்போது வரைந்தார் என்று பெயரோடு தெரிவது எவ்வளவு பெரிய பேறு!

நேரம் இருந்தால் நங்குலுவுருக்கும் போங்கள். போக வர 3.5 கிலோமீட்டர் நடை, கூட்டம் இருக்காது. இரட்டைப் பாய்மரக் கப்பல் ஒன்று நங்கூரச் சங்கிலியோடு அங்கே வரையப்பட்டிருக்கிறது.

இனி மூன்றாவது கேள்வி. வறள் காலத்தில் உபிரிலும் புருங்குய்யிலும் ரேஞ்சர்கள் வந்து பேசுவார்கள், நல்ல ஏற்பாடு. ஆனால் உண்மையில் மனசு நிறைவது கிழக்கு அலிகேட்டர் ஆற்றைத் தாண்டி, பூர்வகுடி மக்களுக்குச் சொந்தமான ஆர்னம் லேண்டுக்குள் போகும்போதுதான். அங்கே கன்பலான்யா என்ற ஊர், அதன் ஓரத்தில் இன்ஜலாக் குன்று. நிலத்துக்கு உரியவர்களின் சார்பில் செயல்படும் நார்தர்ன் லேண்ட் கவுன்சிலிடம் முன்கூட்டியே பெர்மிட் வாங்க வேண்டும். மது கொண்டுபோகக் கூடாது. அந்த ஊரின் குன்வின்ஜ்கு மக்களில் ஒருவர் வழிகாட்டியாக வராமல் குன்றில் ஏற முடியாது. ஏற்றம் கொஞ்சம் செங்குத்து. முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம்.

மேலே ஒதுங்கிடங்களில் படத்தின் மேல் படமாக அடுக்கடுக்காகக் கிடக்கும். கீழே இறங்கினால் இன்ஜலாக் கலை மையத்தில் ஓவியர்கள் தரையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருப்பார்கள். மெல்லிய கோரைப் புல்லைத் தூரிகையாக்கி, ஒரு மீனின் உடம்பை நெருக்கமான குறுக்குக் கோடுகளால் நிரப்புவார்கள். ஒவ்வொரு கோடும் தலைமுடி மாதிரி மெல்லியது. மேலே பாறையில் பார்த்த அதே மீன், கீழே இன்னும் காயாத ஈரத்தோடு. பெண்கள் தாழை நாரில் கூடை பின்னுவார்கள். 1912இல் பால்ட்வின் ஸ்பென்சர் என்ற மானிடவியலாளர் இந்த ஊரில்தான் மரப்பட்டையில் ஓவியங்கள் வரையச் சொல்லிச் சேகரித்தார். இன்று உலகம் முழுக்கக் கலைக்கூடங்களில் தொங்கும் ஆர்னம் லேண்ட் மரப்பட்டை ஓவியங்களின் கதையில் அது ஒரு முக்கியக் கட்டம். அங்கே ஒரு ஓவியம் வாங்கினால் பணம் அந்த ஊருக்கே போகும். டார்வின் விமான நிலையத்தில் நினைவுப் பொருள் வாங்குவதை விட்டுவிட்டு அதை இங்கே செலவழியுங்கள்.

ஆற்றைக் கடக்கும் இடம் கேஹில்ஸ் க்ராசிங். தரைப்பாலம், கடல் ஓதம் ஏறினால் தண்ணீர் பாலத்தின் மேல் ஓடும். உவர்நீர் முதலைகள் மீனுக்காக அங்கே காத்துக் கிடக்கும். ஓத நேர அட்டவணை பார்க்காமல் இறங்கிய வண்டிகள் அடித்துச் செல்லப்பட்டிருக்கின்றன. ஓட்டுவது உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் ஜபிருவிலிருந்து வழிகாட்டியோடு போகிற பயண ஏற்பாடுகளில் சேர்ந்துகொள்வதே புத்திசாலித்தனம். வாடகைக் கார்க்காரர்கள் அந்தப் பாலத்துக்கு ஒப்புக்கொள்வதும் அரிது.

கிம்பர்லி

படங்களில் பார்த்து மயங்கியவர்கள் கேட்பது இதைத்தான். வான்ஜினாக்களின் முகத்தை ஒரு தடவை பார்த்தால் மறக்காது: வெள்ளை முகம், பெரிய கருவிழிகள், தலையைச் சுற்றிக் கதிர்கள், வாய் மட்டும் இல்லை. மழைக்கும் மேகத்துக்கும் உரியவர்கள். வொரோரா, ஙரின்யின், வுனம்பல் மக்கள் அவர்களை இன்றும் போற்றுகிறார்கள். இன்னொரு வகை க்வியோன் உருவங்கள். கரும் சிவப்பில், மெல்லிய உடல், நீண்ட தலைக்கவசம், குஞ்சங்கள். அவற்றில் பல ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன் வரையப்பட்டவை என்று 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் பார்க்க வேண்டுமானால், மிட்செல் மேட்டு நிலத்துக்குப் போகும் பாதையில் கிங் எட்வர்ட் ஆற்றோரம் முனுரு என்ற இடம் இருக்கிறது.

சரி, அங்கே போவது எப்படி? கிப் ரிவர் ரோடு ஏறத்தாழ 660 கிலோமீட்டர், பெரும்பகுதி மண் ரோடு. அதிலிருந்து கலும்புரு ரோட்டில் வடக்கே பிரிய வேண்டும். அலை அலையாக மேடுபள்ளம் விழுந்த பாதை வண்டியின் நட்டு போல்ட்டையெல்லாம் கழற்றிவிடும். போர் வீல் டிரைவ் வண்டி, இரண்டு உபரி டயர், சாட்டிலைட் போன் எல்லாம் வேண்டும். இரண்டு வாரத்துக்குக் குறைந்து போனால் ஓட்டுவதிலேயே பொழுது போய்விடும். வுனம்பல் கம்பெரா மக்களின் நிலத்துக்குள் போக அவர்களிடம் உங்கூ அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.

உடம்பில் தெம்பும் கையில் காசும் மண் ரோடு ஓட்டிய அனுபவமும் உள்ள நாலு நண்பர்கள் சேர்ந்து போகிறார்கள் என்றால் தாராளமாகப் போகட்டும். வயதான அப்பா அம்மாவையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இந்த ரோட்டில் போவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மருத்துவ உதவி விமானத்தில்தான் வர வேண்டிய இடம் அது.

முருஜுகா

மேற்கு ஆஸ்திரேலியாவின் கடற்கரையில், கராத்தாவுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தத் தீபகற்பத்தில் ஓவியங்களைத் தேட வேண்டாம். இங்கே எல்லாமே செதுக்கல்கள். பத்து லட்சத்துக்கும் மேல் இருக்கும் என்கிறார்கள். வெளியே செம்பழுப்பாகத் துருவேறிய பாறையைக் கல்லால் கொத்தினால் உள்ளே வெளிர் நிறம் தெரியும். அப்படிக் கொத்திக் கொத்தியே கங்காரு, ஆமை, மீன், பறவைக் காலடி, மனித உருவம், தைலசின் என்று ஒரு உலகத்தையே பதித்திருக்கிறார்கள். நடு வெயிலில் போனால் கல் குவியல் மட்டும் தெரியும். காலையிலோ சாயங்காலமோ வெளிச்சம் சாய்வாக விழும்போது போங்கள். ஒரு நிமிடம் ஒன்றுமே இல்லாதது போலிருந்த பாறையில் ஒரு கங்காருவின் வால் தெரியும், அப்புறம் அதன் முதுகு, அப்புறம் பக்கத்துக் கல்லில் இன்னொன்று.

பெரியவர்களுக்கு இந்த இடம் வசதி. ஙாஜர்லி பள்ளத்தாக்கில் 700 மீட்டருக்கு நடைபாதை போட்டிருக்கிறார்கள். சக்கர நாற்காலி போகும். முருஜுகா அபொரிஜினல் கார்ப்பரேஷனின் ரேஞ்சர்களோடு போகும் வாய்ப்பும் உண்டு. பெர்த்திலிருந்து ரோட்டில் 1,500 கிலோமீட்டர். விமானத்தில் போனால் இரண்டு மணி நேரம் அளவுதான்.

2025 ஜூலையில் இது உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அதே நிலத்தில் பெரிய எரிவாயு ஆலையும் உரத் தொழிற்சாலையும் நிற்கின்றன. அவற்றின் புகை பாறையின் மேல்தோலை அரிக்கிறதா என்று ஆண்டுக்கணக்காக வாதம் நடக்கிறது. 1868இல் ஃப்ளையிங் ஃபோம் படுகொலையில் யபுராரா மக்கள் பலர் கொல்லப்பட்டதும் இங்கேதான். அதே பில்பரா பகுதியில், 46,000 ஆண்டுகள் மனிதர் பயன்படுத்திய ஜூக்கன் பள்ளத்தாக்குப் பாறை ஒதுங்கிடங்களை 2020 மே மாதம் ரியோ டின்டோ என்ற சுரங்க நிறுவனம் இரும்புத் தாதுவுக்காக வெடி வைத்துத் தகர்த்தது. முருஜுகாவுக்குப் போகிறவர்கள் செதுக்கலை மட்டும் படம் எடுத்துக்கொண்டு, அந்தப் பக்கம் தெரிகிற ஆலையைப் படத்தின் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிடாதீர்கள். இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதுதான் அங்கே நடப்பது.

இருந்தாலும் ஒரே ஒரு பயணம்தான் முடியும் என்பவருக்கு முருஜுகாவை நான் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே கக்காடு பார்த்தவர்களுக்கு இரண்டாவதாக இது மிகப் பொருத்தம்.

லாரா

கெயின்ஸுக்குப் பவளப்பாறை பார்க்கப் போகிற குடும்பங்கள், இரண்டு நாளை ஒதுக்கினால் லாராவுக்குப் போய் வரலாம். 300 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், இப்போது தார் ரோடே போகிறது. ஊருக்கு 12 கிலோமீட்டர் முன்னால் ஸ்ப்ளிட் ராக். ஏற்றம் சின்னது, ஆனால் மூச்சு வாங்கும். குவின்கன் என்ற ஆவிகள் இந்தப் பகுதிக்குப் பெயரே கொடுத்துவிட்டன. உயரமாக, ஒல்லியாக, பாறைப் பிளவுக்குள் மறைந்து நிற்பவை திமாரா. லாராவில் உள்ள கலாச்சார மையத்தில் கேட்டால் வழிகாட்டியோடு வேறு இடங்களுக்கும் போக முடியும்.

இந்தப் பக்கத்து ஓவியங்களில் என்னை உலுக்குவது குதிரைகளும் போலீஸ்காரர்களும்தான். 1873இல் பால்மர் ஆற்றில் தங்கம் கிடைத்து ஆயிரக்கணக்கானவர்கள் வந்து குவிந்தார்கள். கூடவே, வெள்ளை அதிகாரிகளின் கீழ் வேறு பகுதிப் பூர்வகுடி ஆட்களைச் சேர்த்து அமைத்த பூர்வகுடிப் போலீஸ் படை வந்து மக்களை வேட்டையாடியது. துப்பாக்கி எதிரே நிற்கும்போது, அந்தப் போலீஸ்காரர்களின் உருவத்தைப் பாறையில் வரைந்து அவர்களுக்குக் கேடு வர மந்திரம் வைத்தார்கள். தொன்மை என்ற சொல்லுக்குள் அடங்காத, 150 ஆண்டுக்கு முந்தைய எதிர்ப்பு அது. 2018இல் குவின்கன் நாடு ஆஸ்திரேலியாவின் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

சிட்னியிலிருந்து காரிலேயே என்றால்

விமானமே வேண்டாம், வீட்டு வாசலில் கிளம்பி உள்நாட்டு ரோட்டின் சுவையோடு போக வேண்டும் என்கிறவர்களுக்கு முட்டாவிஞ்சி. டப்போ, நிங்கன், கோபார், வில்கேனியா வழியாக ப்ரோக்கன் ஹில் ஏறத்தாழ 1,150 கிலோமீட்டர். இரண்டு நாளாகப் பிரித்து ஓட்டுங்கள். கோபார் பக்கத்திலேயே மவுன்ட் கிரென்ஃபெல் இருக்கிறது. ஙியம்பா மக்களின் இடம். பெரிய ரோட்டிலிருந்து விலகி மண் ரோட்டில் போனால், சின்னச் சின்ன மனித உருவங்கள் சிவப்பிலும் வெள்ளையிலும் கூட்டமாக ஆடுகிற ஒதுங்கிடங்கள். ஆள் நடமாட்டமே இருக்காது.

முட்டாவிஞ்சி ப்ரோக்கன் ஹில்லிலிருந்து வடகிழக்கே 130 கிலோமீட்டர். சிவப்புப் பாறைப் பள்ளத்தாக்குகள். சரிந்த பாறைகளில் ஈமு, கங்காருவின் காலடிகளும் மனிதர்களும் கொத்தப்பட்டிருக்கின்றன. குடைவுகளில் கை அச்சுகள். கையைப் பாறையில் வைத்து, வாயில் கரைத்த காவியை அதன் மேல் ஊதுவார்கள். கையை எடுத்தால் அதன் வடிவம் மட்டும் வெற்றிடமாக நிற்கும். அதில் குழந்தைகளின் கைகளும் உண்டு. 

இந்த இடத்துக்கு நான் இவ்வளவு உயர்ந்த இடம் கொடுப்பதற்குக் காரணம் அதன் வரலாறு. யாரும் எப்படியும் வந்து போகலாம் என்றிருந்த நிலையை எதிர்த்து 1983இல் பூர்வகுடி மக்கள் ரோட்டை மறித்தார்கள். 1998இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலேயே முதலாவதாகத் திருப்பிக் கொடுக்கப்பட்ட தேசியப் பூங்கா இதுதான். முக்கியமான ஓவிய இடத்துக்கு வழிகாட்டியோடு மட்டும்தான் போகலாம். தினமும் கூட்டிப் போவதில்லை, கோடையில் இல்லவே இல்லை. எனவே வழிகாட்டிப் பயணத் தேதியை முதலில் உறுதிசெய்துவிட்டு, அதைச் சுற்றி மற்ற நாட்களைப் போடுங்கள். ஒரு மழை பெய்தால் மண் ரோட்டை மூடிவிடுவார்கள். மூடிய ரோட்டில் ஓட்டினால் அபராதம் உண்டு. ஒரு நாளாவது கையிருப்பாக வைத்துக்கொள்வது அவசியம்.

பிரிஸ்பேன்காரர்களுக்கு கார்னார்வன் பள்ளத்தாக்கு இருக்கிறது. போக வர ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நடந்தால் ஆர்ட் கேலரி என்ற 62 மீட்டர் நீளச் சுவர், முழுக்கக் கை அச்சுகள், பூமராங் அச்சுகள், செதுக்கல்கள். நல்ல நடை, நல்ல நிழல். அங்கே பலூன் குகையில் 2018 காட்டுத்தீயில் மறுசுழற்சி பிளாஸ்டிக் நடைபாதை பற்றி எரிந்து, ஓவியங்கள் அழிந்துபோனது பெரிய இழப்பு. மெல்போர்ன்காரர்கள் ஒரு வார இறுதியில் கரிவெர்டு (கிராம்பியன்ஸ்) மலைக்குப் போய், ஸ்டாவெல் ஊர்ப் பக்கம் இரண்டு டிங்கோ நாய்களோடு அமர்ந்திருக்கும், உலகைப் படைத்தவராகப் போற்றப்படும் பன்ஜிலின் ஓவியத்தைப் பார்த்து வரலாம். கம்பி வலைக்குப் பின்னாலிருந்துதான் பார்க்க முடியும்.

எங்கே போனாலும்

வாடகை வண்டி ஒப்பந்தத்தில் மண் ரோடு பற்றிய வரியைப் படியுங்கள். சாதாரணக் கார்களுக்குப் பெரும்பாலும் அனுமதி இருக்காது. அங்கே விபத்து நடந்தால் காப்பீடு கைகொடுக்காது. பொழுது சாய்ந்த பிறகு ஓட்டவே வேண்டாம். கங்காருவும் ஈமுவும் வெளிச்சத்தைப் பார்த்து நேராகக் குறுக்கே பாயும். கோபார் பக்கம் காட்டு ஆடுகளும் சேர்ந்துகொள்ளும். ரோட் ட்ரெயின் என்கிற தொடர் லாரிகள் 50 மீட்டருக்கு மேல் நீளம் இருக்கும். முந்துவதற்கு ரோடு நீளமாகக் காலியாகத் தெரிய வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் தண்ணீராவது வண்டியில் இருக்கட்டும். சைவம் சாப்பிடுகிறவர்கள் அரிசி, பருப்பு, ஒரு சின்ன ரைஸ் குக்கர் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். வழியோரக் கடையில் சிப்ஸ் தவிர வேறொன்றும் அகப்படாது.

பாறையைத் தொடாதீர்கள், பிள்ளைகளையும் தொட விடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பசை காவியில் ஏறிவிடும். உலுருவில் ஒரு காலத்தில் பயணிகளின் போட்டோவுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று வழிகாட்டிகள் ஓவியத்தின் மேல் தண்ணீர் ஊற்றினார்கள். அந்தச் சேதத்தைத் திருப்ப முடியவில்லை. படம் எடுக்கக் கூடாது என்று பலகை இருந்தால் போனைப் பையில் போட்டுவிடுங்கள். வழிகாட்டி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டால், அந்தப் பதில் நமக்கு உரியதல்ல என்று அர்த்தம். இரண்டாம் தடவை கேட்காதீர்கள்.

ஆக, ஒரு வாரம், ஒரே பயணம், ஜூன் ஜூலை என்றால் டார்வினுக்கு டிக்கெட் போடுங்கள். ஜபிருவில் குறைந்தது நாலு இரவு, அதில் ஒரு நாள் முழுக்கக் கன்பலான்யாவுக்கு. பெரியவர்கள் இன்ஜலாக் ஏற முடியாவிட்டாலும் கலை மையத்தில் உட்கார்ந்து வரைவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அன்று அவர்களுக்குத்தான் அதிகம் கிடைக்கும் என்று தோன்றுகிறது. விமானச் செலவு கட்டுப்படியாகாத சிட்னிக்காரர்களுக்கு ஏப்ரல் விடுமுறையில் முட்டாவிஞ்சி. கெயின்ஸ் ஏற்கெனவே முடிவாகியிருந்தால் லாராவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர்தான் கிடைக்கும் என்கிறவர்கள் இந்த ஆண்டு பெர்மிட் விண்ணப்பத்தையும் வழிகாட்டித் தேதிகளையும் பார்த்து வைத்துக்கொண்டு, அடுத்த ஜூலைக்கு லீவு கேளுங்கள். வறள் காலத்தில் ஜபிருவில் அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். பிப்ரவரி, மார்ச்சிலேயே பதிவு செய்தால் நல்லது.